ஒன்பதாவது நாள்

அன்புள்ள ஐயா,

டே டிரேடிங், அதாவது அன்றே வாங்கி அன்றே விற்கும் வர்த்தகம், செய்கிறேன். சந்தை திறந்த முதல் அரைமணி நேரத்தின் உச்சம் உடைந்தால், அதாவது விலை அதைத் தாண்டினால், வாங்க வேண்டும், தாழ்வு உடைந்தால் விற்க வேண்டும். தினம் ஒரு வர்த்தகம். இதை ஆல்கோவாக, தானே ஆர்டர் போடும் நிரலாக, எழுதி ஓட்டினேன். பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்த பேக்டெஸ்டில் பத்துக்கு நான்கு முறைதான் வென்றது, ஆனால் வென்றபோது பெரிதாக வென்றது. போன மாதம் தொடர்ந்து எட்டு நஷ்டம். ஒன்பதாவது நாள் ஆல்கோவை அணைத்துவிட்டு, சார்ட்டைப் பார்த்து நானே இறங்கினேன். அன்று ஆல்கோ ஓடியிருந்தால் பெரிய லாபம். நான் எதிர்ப்பக்கம் நின்று இழந்தேன். இனி எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விட்டுவிடுவதா, கண்ணால் பார்த்தே செய்வதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எட்டு நஷ்டம் எனக்கு வியப்பாக இல்லை. பத்துக்கு நான்கு வெல்லும் ஒரு முறையில் 200 வர்த்தகம் செய்தால், நடுவில் எங்காவது எட்டு நஷ்டம் தொடர்ச்சியாக வர 70 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு உண்டு. உங்கள் பேக்டெஸ்டிலேயே அப்படி ஒரு பள்ளம் இருந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

எனக்குக் கவலை தருவது ஒன்பதாவது நாள்தான். அன்று சார்ட்டில் என்ன பார்த்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் இப்படி அணைத்து, போட்டு, மறுபடி அணைத்து நிறைய இழந்திருக்கிறேன். அப்புறம் ஒரு நோட்டு வைத்தேன். கை வைப்பதற்கு முன்னால் காரணத்தை எழுதுவேன். நான் தொடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சாயங்காலம் பக்கத்தில் எழுதுவேன். விலைத் தரவு நின்றுபோனது, ஒரு மணி நேரத்தில் வட்டி விகித அறிவிப்பு வருகிறது, இப்படி எழுதிய நாட்களில் என் தலையீடு பணத்தைக் காப்பாற்றியது. ‘இன்று சரியாகப் படவில்லை’ என்று எழுதிய நாட்களில் பெரும்பாலும் நஷ்டம். அந்த நாட்களுக்கு முன்னால் எப்போதும் இரண்டு மூன்று நஷ்டம் இருந்தது.

பால் மீல் என்ற உளவியலாளர் 1954-இலேயே நிபுணர்களின் கணிப்பையும் எளிய சூத்திரங்களின் கணிப்பையும் ஒப்பிட்டவர். சூத்திரங்கள் நிபுணர்களுக்குச் சமமாகவோ மேலாகவோ வந்தன. அவரே ஒரு விதிவிலக்கும் சொன்னார்: இந்த வாரம் ஒருவர் சினிமாவுக்குப் போவார் என்று சூத்திரம் சொல்கிறது, ஆனால் அவருக்குக் கால் முறிந்தது நமக்குத் தெரியும். அப்போது சூத்திரத்தைத் தள்ளிவைக்கலாம். கால் முறிவது அபூர்வம். தொடர்ந்து தோற்ற மனதுக்கு தினமும் ஒரு முறிவு தெரியும்.

அதற்காக இயந்திரத்தைக் கண்மூடி நம்பச் சொல்லவில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிடல் நிறுவனம் புது நிரலை ஏற்றியபோது எட்டு சர்வர்களில் ஒன்று விடுபட்டது. அதிலிருந்த பழைய நிரல் உயிர்பெற்று ஆர்டர்களைக் கொட்டியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போயிற்று. ஆகவே நிறுத்துவதற்கு ஒரு வழி கட்டாயம் வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதைச் சந்தை மூடியிருக்கும்போதே எழுதிவிடுங்கள்: ஒரு நாளுக்கு இவ்வளவு நஷ்டம், இத்தனை ஆர்டருக்கு மேல் போனால், பேக்டெஸ்டின் மோசமான சரிவைப் போல ஒன்றரை மடங்கு ஆனால்.

கையால் செய்ய ஆசையென்றால் செய்யுங்கள். ஆர்டர்கள் வந்து விழும் வேகத்தைப் பல வருடம் பார்த்துப் பழகியவர்களுக்கு நிரலில் எழுத முடியாத ஒரு பார்வை வருகிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் தனிக் கணக்கில், மிகச் சிறிய அளவில். ஆல்கோ கணக்கோடு கலக்காதீர்கள். கலந்தால் எது பலன் தந்தது என்று எந்தக் காலத்திலும் தெரியாது.

இன்னொன்று கேட்க வேண்டும். அரைமணி நேரத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? 15, 20, 45 நிமிடமெல்லாம் ஓட்டிப் பார்த்து, நன்றாக வந்ததை எடுத்தீர்களா? அப்படியானால் அந்த லாபத்தில் ஒரு பகுதி தற்செயல்தான். உச்சம் உடையும் இடத்தில் எல்லோருடைய ஆர்டரும் ஒன்றாக விழுவதால் நினைத்த விலையும் கிடைக்காது. அந்த விலை வித்தியாசத்தையும் (ஸ்லிப்பேஜ்) கமிஷனையும் சேர்த்து, நான்கு கால அளவுக்கும் மறுபடி ஓட்டுங்கள். பக்கத்து அளவுகளிலும் லாபம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், அதற்குள் ஆல்கோவை மறுபடி போட வேண்டாம்.