வயசுப் பிள்ளைகளும் வாசிப்பும்: கேள்வி பதில்

பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளைப் புத்தகத்தின் பக்கம் திருப்புவது பற்றி வந்த கேள்விகளும், பள்ளி நூலகர் ஒருவரின் பதில்களும்.

மகன் ஒன்பதாம் வகுப்பு. ஐந்தாவது வரை கதைப்புத்தகம் படித்தவன் இப்போது தொடுவதே இல்லை. எங்கிருந்து தொடங்குவது மேடம்? (திருச்சியிலிருந்து ஒரு அம்மா)

காரணத்தை முதலில் கண்டுபிடியுங்கள். வாசிக்கவே திணறுகிறானா, வாசிக்க வந்தும் பிடித்த புத்தகம் கையில் சேரவில்லையா, நேரம்தான் இல்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு.

அவன் இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை, தங்கையோ விருந்தாளியோ பக்கத்தில் இல்லாத நேரத்தில், ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது, சொல்லின் கடைசியை விழுங்குவது, முடித்தபின் என்ன படித்தோம் என்று சொல்ல முடியாமல் விழிப்பது இதெல்லாம் இருந்தால் சிக்கல் வாசிப்புத் திறனில் இருக்கிறது. சரளமாக வாசித்துவிட்டு "போதுமா?" என்று கேட்டால், அவனுக்கான புத்தகம் இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் மாவட்ட மைய நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். அவனே ஐந்தாறு புத்தகம் பொறுக்கட்டும். நீங்கள் வேறு வரிசையில் நில்லுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பக்கம் படிப்பான், பிடிக்காவிட்டால் மூடிவிடலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஐந்தில் நாலை மூடினாலும் அந்த வாரம் வெற்றிதான். நடுவில் விட உரிமை இல்லாத பிள்ளை புதுப் புத்தகத்தைத் திறக்கவே பயப்படும்.

மொழி கடினமா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு பக்கம் படிக்கும்போது புரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கினால் அது இப்போதைக்கு வேண்டாம்.

பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் வாங்கிக் கொடுத்தேன். இருபது பக்கத்தோடு நிற்கிறாள்.

அது கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை. அன்றைய வாசகர்கள் ஒரு துண்டைப் படித்துவிட்டு அடுத்த இதழுக்குக் காத்திருந்தார்கள். ஐந்து பாகத்தையும் ஒன்றாக மேசையில் அடுக்கினால் பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு மலைப்பாகத்தான் இருக்கும். நான்கை எடுத்து உள்ளே வையுங்கள்.

தொடக்கத்தில் வீரநாராயண ஏரியும் ஆடிப்பெருக்கும் விரிவாக வரும். பலர் நிற்பது அங்கேதான். அந்தப் பகுதியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், வர்ணனையைக் கொஞ்சம் தாண்டிப் போனாலும் தப்பில்லை. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதிக்கூட்டம் வரும் இடத்தில், "மீதி நாளைக்கு" என்று மூடி அவள் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பாத்திரங்களின் பெயர் குழப்பும். அரைத்தாளில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதிப் பக்க அடையாளமாகச் செருகிவிடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம். இப்போதைக்கு நூறு பக்கத்துக்குள் முடிகிற ஏதாவது ஒன்று போதும்.

ஒரு புத்தகம் முடித்தால் நூறு ரூபாய் என்று சொல்லியிருக்கிறேன். சரியா?

வேண்டாம் சார். 1973-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், படம் வரைவதை விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகள் சிலருக்கு "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். பின்னர் பரிசு இல்லாதபோது அந்தக் குழந்தைகள், பரிசே கேள்விப்படாத குழந்தைகளைவிட ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்கள். காசு கொடுத்தால் பிள்ளை மெலிந்த புத்தகமாகத் தேடும், கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்து நிற்கும். அந்த நூறு ரூபாயைக் கையில் கொடுத்து, புத்தகக் காட்சியில் அவன் இஷ்டத்துக்கு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வாங்கியது உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் முகம் சுளிக்காதீர்கள்.

அக்கா, நான் டென்த். வாரம் ஒரு புக் படிச்சு ஒரு பக்கம் எழுதணும்னு ஸ்கூல்ல சொல்றாங்க. அதனாலயே படிக்கப் பிடிக்கல.

தம்பி, உன் கோபம் நியாயமானது. எழுத வேண்டிய புத்தகத்தையும் உனக்காகப் படிக்கிற புத்தகத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள். எழுதுவதற்குச் சின்னச் சிறுகதையாகத் தேர்ந்தெடு. உனக்கானதைப் பற்றி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பொதுத்தேர்வு வருடம் என்பதால் பெரிய நாவலைத் தொடாதே. பாதியில் நிற்கும், அப்புறம் எடுக்கவே தோன்றாது. பேருந்தில் முடித்துவிடக்கூடிய நாலைந்து பக்கக் கதைகள் உள்ள தொகுப்பு ஒன்று பையில் இருக்கட்டும்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் நான். நூலகப் பாடவேளை இருக்கிறது, பிள்ளைகள் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

ஐயா, புத்தகம் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொலைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற பயத்தில்தான் பல பள்ளிகளில் பூட்டு விழுகிறது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலக விதிகளில் முதலாவதே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். சுவரோரம் கயிறு கட்டி, கிளிப்பில் முப்பது புத்தகங்களை முன்னட்டை தெரியும்படி மாட்டுங்கள். முதுகு மட்டும் தெரியும் வரிசையில் இருந்து வாசிப்புப் பழக்கமில்லாத பிள்ளை எதையும் எடுக்காது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பத்துப் புத்தகத்தையாவது மாற்றுங்கள். கொடுக்கல் வாங்கல் நோட்டை இரண்டு மாணவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பாடவேளையின் முதல் மூன்று நிமிடம் ஒரு புத்தகத்தைப் பற்றி நீங்கள் பேசுங்கள். ஆசிரியரின் பிறப்பு, பட்டம், விருதெல்லாம் வேண்டாம். கதாநாயகன் மாட்டிக்கொண்ட இடம் எது என்று சொல்லுங்கள், அந்த ஒரு பத்தியை வாசியுங்கள், எப்படித் தப்பித்தான் என்பதைச் சொல்லாதீர்கள். பிறகு மௌன வாசிப்பு. முதல் வாரமே நாற்பது நிமிடம் என்றால் கட்டாயம் பேசுவார்கள். ஏழெட்டு நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு இரண்டிரண்டு நிமிடமாகக் கூட்டுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் விடைத்தாள் திருத்தக் கூடாது, நீங்களும் ஒரு கதையைப் படிக்க வேண்டும். ஆசிரியர் படிப்பதைப் பிள்ளைகள் கவனிப்பதுபோல் வேறெதையும் கவனிப்பதில்லை.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிநிலையில் வந்திருக்கின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 'நுழை' தேவைப்படலாம். அதை எல்லார் முன்னாலும் கையில் கொடுத்தால் அன்றோடு முடிந்தது. எல்லா நிலையையும் கலந்து மாட்டிவிடுங்கள்.

ஆங்கில வழியில் படிக்கிறாள். ஆங்கில நாவல் தடிதடியாகப் படிப்பவள், தமிழ் என்றால் எழுத்துக் கூட்டுகிறாள்.

இவளை வாசிக்காத பெண் என்று சொல்லக் கூடாது. ஆர்வம் இருக்கிறது, தமிழில் வேகம்தான் இல்லை. ஆங்கிலத்தில் சிக்கலான கதை படிக்கும் பெண்ணிடம் நீதிக்கதையைக் கொடுத்தால் அவமானமாக நினைப்பாள். வயதுக்கேற்ற கதை, எளிய வாக்கியம், பேச்சு நிறைய உள்ள புத்தகமாகப் பாருங்கள். காமிக்ஸ் இதற்கு மிகப் பொருத்தம். சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் வந்திருக்கின்றன. படம் கதையைத் தாங்கிக்கொள்வதால் ஒரு சொல் புரியாவிட்டாலும் நிற்காமல் போகலாம்.

அதோடு தினமும் பத்து நிமிடம் இணைந்து வாசியுங்கள். ஒரே புத்தகத்தை இருவரும் சேர்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும், அவள் வேகத்துக்கு நீங்கள் இறங்கி. தைரியம் வந்தால் அவள் உங்கள் கையைத் தட்டுவாள். நீங்கள் நிறுத்திவிடுங்கள், அவள் தனியாகத் தொடரட்டும். ஒரு சொல்லில் தடுக்கினால் மனசுக்குள் நாலு வரை எண்ணிக் காத்திருங்கள். வராவிட்டால் சொல்லை நீங்களே சொல்லி, மறுபடி சேர்ந்து வாசியுங்கள். "ழ" சரியாக வரவில்லை என்று நடுவில் பாடம் எடுத்தால் மறுநாள் உட்காரமாட்டாள். ஒரு நாளும் தவறாத பத்து நிமிடம், ஞாயிறு மட்டும் ஒரு மணி நேரத்தைவிட மேல்.

கிரிக்கெட் செய்தி மட்டும்தான் படிக்கிறான். இது வாசிப்பில் சேருமா?

சேரும். ஆட்டச் செய்தியிலிருந்து வீரரைப் பற்றிய நீளமான கட்டுரை, அதிலிருந்து வாழ்க்கை வரலாறு என்று படிப்படியாகப் போகலாம். திடீரென்று இலக்கியத்துக்கு இழுக்காதீர்கள்.

போனை வாங்கி வைத்துவிட்டால் படிப்பானா?

தண்டனையாகப் பிடுங்கினால் புத்தகமும் தண்டனையின் பங்காளி ஆகிவிடும். இரவு ஒன்பதரைக்கு மேல் வீட்டிலுள்ள எல்லார் போனும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். படுக்கை அருகே ஒரு விளக்கும் இரண்டு மூன்று புத்தகமும் வையுங்கள். படி என்று சொல்லாதீர்கள்.

நன்றாகப் பேசுவான், கணக்கும் வரும். வாசிக்கும்போது வரி தாண்டிப்போகிறது, எழுத்து இடம் மாறுகிறது. சோம்பல் என்கிறார்கள்.

சோம்பல் என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு, முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். கண்ணில் குறையில்லை என்றால் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு தேவை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஒருவரும் கேட்கலாம். பத்தாம் வகுப்பு வரை தள்ளிப்போடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள். இதற்கிடையில் கதையை அவனிடமிருந்து பறிக்க வேண்டாம். ஒலிப்புத்தகத்தைப் போட்டுவிட்டு, அதே புத்தகத்தை விரித்து, வரிக்குக் கீழே அட்டை வைத்து நகர்த்திக்கொண்டே கேட்கட்டும். வேகம் கூடுதலாகத் தெரிந்தால் 0.75-க்குக் குறைத்துவிடுங்கள்.