மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் தம்பி பல ஆண்டுகளாக மனச்சோர்வு நோயால் அவதிப்படுகிறான். மூன்று முறை மாத்திரையை மாற்றியும் பலனில்லை. ‘மருந்துக்குக் கட்டுப்படாத நிலை’ என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இனி வழியே இல்லை என்று பொருளா?

பதில்: இல்லை, அம்மா. அந்தச் சொல் காதில் தீர்ப்பைப் போல விழுந்தாலும், மருத்துவத்தில் அதன் பொருள் குறுகியது. குறைந்தது இரண்டு மருந்துகளை உரிய அளவில், போதிய வாரங்கள் உட்கொண்ட பிறகும் நோய் தணியவில்லை என்பதையே அது குறிக்கிறது. அமெரிக்காவில் சுமார் 4,000 நோயாளிகளை, பலன் இல்லாதபோது சிகிச்சையை மாற்றி, படிப்படியாகப் பின்தொடர்ந்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்ட ‘ஸ்டார்-டி’ ஆய்வில், முதல் இரண்டு படிகள் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு நோய் நீங்கியது. மூன்றாம், நான்காம் படிகளில் அது நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு என்ற அளவுக்குச் சரிந்தது. ஆகவே இரண்டு மருந்துகள் கைகொடுக்காதபோது மருத்துவர் வேறு வகைச் சிகிச்சையை யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கு முன்பாக, மாத்திரைகள் உண்மையிலேயே ஒழுங்காக உட்கொள்ளப்பட்டனவா, தைராய்டு குறைபாடு, இருதுருவ நோய் (மனம் மிகை உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிச் செல்வது), குடிப்பழக்கம் ஆகியவற்றில் ஏதேனும் மறைந்திருக்கிறதா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கட்டுப்படாத நோய் என்று என்னிடம் வருபவர்களில் சிலருக்கு இந்த மறுபார்வையிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

கேள்வி: காந்தச் சிகிச்சை என்கிறார்களே, அது பழைய ‘ஷாக்’ சிகிச்சைக்கு வைத்த புதுப்பெயரா?

பதில்: இரண்டும் வேறு. 1938-இல் ரோம் நகரில் தொடங்கிய மின்னதிர்ச்சிச் சிகிச்சை, மூளையில் ஒரு வலிப்பை வேண்டுமென்றே உண்டாக்குகிறது. இன்று அதை மயக்க மருந்து கொடுத்தே செய்கிறார்கள். நினைவாற்றல் சிறிது பாதிக்கப்படலாம் என்ற குறை இருந்தாலும், கடுமையான மனச்சோர்வுக்கு அதைவிட வலுவான சிகிச்சை இன்னும் வந்துவிடவில்லை. திரைப்படங்கள் அதற்குத் தேடித்தந்த கெட்ட பெயருக்கு அது உரியதன்று.

காந்தத் தூண்டலில் மயக்கம் கொடுப்பதில்லை. 1985-இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டிய முறை இது: தலையின் மேல் வைக்கும் கம்பிச்சுருளில் சட்டெனத் தோன்றி மறையும் காந்தப்புலம், அதற்கு நேர் கீழே உள்ள மூளைப் புறணியில் (மூளையின் மேலடுக்கில்) மிகச் சிறிய மின்னோட்டத்தை எழுப்புகிறது. நோயாளி நாற்காலியில் விழித்தபடியே அமர்ந்திருப்பார். மனச்சோர்வுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் இதை அனுமதித்தது. ஒரு அமர்வுக்கு முப்பத்தேழரை நிமிடம் பிடித்த இம்முறையை மூன்று நிமிடத் துடிப்புகளாகச் சுருக்கினாலும் பலன் குறைவதில்லை என்று, 414 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. வலிப்பு வரும் அபாயம் மிகக் குறைவு. எனினும் தலைக்குள் உலோகம் பொருத்தப்பட்டவர்களுக்கு இது கூடாது.

கேள்வி: மூளைக்குள் மின்முனையைப் பொருத்தி மனச்சோர்வைக் குணப்படுத்தியதாக ஒரு செய்தி படித்தேன். பின்னர் அதே ஆய்வு தோற்றதாக இன்னொரு செய்தி. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். 2005-இல் ஹெலன் மேபெர்க் என்னும் நரம்பியல் வல்லுநரின் குழு, எந்தச் சிகிச்சைக்கும் இசையாத ஆறு நோயாளிகளுக்கு, மூளையின் நடுவே, நெற்றிப்பகுதியின் அடியாழத்தில் மின்முனைகளைப் பொருத்தியது. நால்வர் தெளிவாகத் தேறினர். ஆனால் ஆறே பேர். தமக்குச் சிகிச்சை நடக்கிறது என்பது அனைவருக்கும் தெரியும். நம்பிக்கையாலேயே சிறிது தேறுவது மனநோயில் வழக்கம்.

எனவே பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. தொண்ணூறு பேருக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தது. அறுபது பேருக்கு மின்சாரம் செலுத்தப்பட்டது. முப்பது பேருக்குக் கருவி அணைத்தே வைக்கப்பட்டது; இதுவே போலிச் சிகிச்சைப் பிரிவு. யார் எந்தப் பிரிவு என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முதல் பிரிவில் 20 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 17 விழுக்காட்டினரும் தேறியிருந்தனர். இதை வித்தியாசம் என்று எவரும் சொல்ல முடியாது. புதிதாக ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

செய்தித்தாள்கள் அத்துடன் விட்டுவிட்டன. எனக்கோ ஆர்வமூட்டுவது அதற்குப் பின் நடந்ததே. எல்லாருக்கும் கருவியை இயக்கித் தொடர்ந்து கவனித்தபோது, இரண்டாண்டு முடிவில் ஏறக்குறைய பாதிப்பேர் தேறியிருந்தனர். ஒப்பிட்டுப் பார்க்கப் போலிச் சிகிச்சைப் பிரிவு அப்போது இல்லாததால், இதை நிரூபணமாகக் கொள்ள இயலாது. ஆயினும் இரண்டு ஐயங்கள் எழுந்தன: ஆறு மாதம் போதாதோ? மின்முனை சரியான இடத்தில்தான் இருந்ததா? மூளையில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் வேறொரு நரம்புக் கற்றை தூண்டப்படலாம். ஆகவே இப்போது, நான்கு நரம்புக் கற்றைகள் சந்திக்கும் புள்ளியை ஒவ்வொரு நோயாளியின் ஸ்கேன் படத்திலும் தனித்தனியே தேடி, அங்கேயே மின்முனையைப் பொருத்துகிறார்கள். அவ்வாறு பொருத்தப்பட்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆறு மாதத்துக்குள் தேறியதாக 2023-இல் ஓர் ஆய்வு வெளியானது. மின்முனையே பதிவுசெய்த மூளை அலைகளைக் கொண்டு, நோய் மீளப்போவதை முன்கூட்டியே கணிக்கவும் அதில் முயன்றிருக்கிறார்கள். இதுவும் போலிச் சிகிச்சைப் பிரிவு இல்லாத சிறிய ஆய்வே. அடுத்த பெரிய ஒப்பீடு வரும்வரை நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

கேள்வி: இத்தகைய ஆய்வில் என் மகளைச் சேர்க்க அழைக்கிறார்கள். அவளைச் சோதனை எலியாக்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: உங்கள் அச்சத்துக்கு வரலாறு உண்டு. மூளையின் முன்பகுதி நரம்புகளை வெட்டும் அறுவைமுறைக்காக எகாஸ் மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்; முறையான ஒப்பீட்டு ஆய்வு இல்லாமலே ஆயிரக்கணக்கானோர் அதற்கு ஆளாயினர். இன்று நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இன்றி எதையும் தொடங்க முடியாது; கையெழுத்திட்ட பிறகும், காரணம் சொல்லாமலே எந்நாளிலும் உங்கள் மகள் விலகலாம்; அதனால் அவருடைய வழக்கமான சிகிச்சை தடைபடக் கூடாது. முடிவு அவருடையதாகவே இருக்கட்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு அவரிடம் எழுந்தால், ஆய்வுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சில கேள்விகளை நேரில் கேளுங்கள். போலிச் சிகிச்சைப் பிரிவு உண்டா, அதில் விழுந்தால் எத்தனை மாதம் கழித்து உண்மையான சிகிச்சை கிடைக்கும்? இப்போதைய மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்களா? மின்முனை பொருத்தும் ஆய்வானால், இன்னொரு கேள்வியை மறவாதீர்கள்: ஆய்வு தோல்வி என்று முடிந்து, உங்கள் மகளுக்கு மட்டும் பலன் கிடைத்திருந்தால், மார்புத் தோலுக்கடியில் உள்ள மின்கலம் தீரும்போது அதை மாற்றும் செலவை ஏற்பவர் யார்? அதற்கான பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.