அழைப்பு வந்த வீடு: வாசகர் கேள்வி–பதில்

போதகர்களின் பணியையும் குடும்ப வாழ்க்கையையும் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களை விட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

வயது 25. பி.காம். முடித்துத் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆண்டவர் என்னை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறார் என்று நம்புகிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் குருவானவராக என்ன செய்ய வேண்டும்? வேலையை இப்போதே விட்டுவிடலாமா?
– வாசகர், சாத்தான்குளம்

வேலையை விடாதீர்கள், தம்பி. வேதத்தில், சிறுவன் சாமுவேல் தேவனுடைய சத்தம் கேட்டு மூன்று முறை எழுந்து ஆசாரியர் ஏலியிடம் ஓடினான். கூப்பிடுகிறவர் யார் என்று புரிந்துகொண்டது ஏலிதான், சாமுவேல் அல்ல. உங்களுக்கும் ஒரு ஏலி வேண்டும். உங்கள் சேகர ஐயரிடம், அதாவது பல சபைகள் சேர்ந்த உங்கள் சேகரத்தின் போதகரிடம், முதலில் மனம்விட்டுப் பேசுங்கள். ஒரு வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பை எடுத்து நடத்துங்கள். ஐயர் நோயாளிகளைச் சந்திக்கப் போகும்போது கூடவே போங்கள். துக்க வீட்டில் விடியவிடிய உட்காருங்கள். மேடையில் பேச ஆசை வருவது எளிது. படுக்கையில் கிடக்கும் முதியவரிடம் ஒரே கதையைப் பத்தாவது முறை கேட்கப் பொறுமை இருக்கிறதா என்பதை இந்த ஒரு வருஷம் காட்டிக் கொடுத்துவிடும்.

அதன் பிறகு முறைப்படியான வழி. நீங்கள் திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்று, திருவிருந்து எடுக்கும் சபை அங்கத்தினராக இருக்க வேண்டும். சேகரக் கமிட்டியின் பரிந்துரையும் சேகர ஐயரின் கடிதமும் தேவை. திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் உள்ள சேகரங்களின் தொகுதி) ஆள் எடுக்க அறிவிப்புக் கொடுக்கும்போது விண்ணப்பியுங்கள். வேத அறிவுத் தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை என்று பல கட்டங்கள் இருக்கும். வயது வரம்பு திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும், ஆகையால் அறிவிப்பில் உள்ளதையே நம்புங்கள். தெரிந்தெடுக்கப்பட்டவர்களைச் சில காலம் சபை ஊழியராக ஒரு கிராமத்தில் வைத்துப் பார்த்த பிறகே இறையியல் கல்லூரிக்கு அனுப்புவது பல இடங்களில் வழக்கம்.

பட்டதாரிக்கு பி.டி. (இறையியல் பட்டம்) படிப்பு நான்கு ஆண்டு. மதுரை அரசரடியில் 1969 முதல் இயங்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி போன்றவை இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டோடு இணைந்தவை. எபிரெயமும் கிரேக்கமும் வரும். முதல் வருஷத்தில் பலரைத் திணறடிப்பது அதுதான். சேருவதற்கு முன்பே எழுத்துகளை எழுதிப் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். படித்து வந்ததும் மூத்த குருவானவர் ஒருவரின் கீழ்ப் பணி, பிறகு குருப்பட்டத்துக்கு முந்தைய படியான டீக்கன் பட்டம். டீக்கன் பிரசங்கிக்கலாம், திருவிருந்தில் பாத்திரம் கொடுக்கலாம். ஆனால் அப்பத்தையும் ரசத்தையும் பிரதிஷ்டை செய்வது குருப்பட்டம் பெற்றவரின் வேலை. அந்தப் பட்டம் அதற்கும் பிறகுதான்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். திருமண்டலம் அனுப்பாமலே சொந்தச் செலவில், சில நேரம் கடன் வாங்கி, பி.டி. முடித்து வருகிறார்கள். பட்டம் கையில் இருக்கும், நியமனம் இருக்காது. கல்லூரி கொடுப்பது படிப்பு. நியமிப்பது திருமண்டலம். சேருவதற்கு முன்பே, என்னை யார் அனுப்புகிறார்கள் என்பதற்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் கணவர் குருவானவர். சபை தந்த வீடான குருமனைக்கு எந்நேரமும் ஆட்கள் வருகிறார்கள். பிள்ளைகள் படிக்க இடமில்லை. மாற்றல் வந்தால் பள்ளிக்கூடமும் மாறவேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தை நான்தான் நடத்த வேண்டும் என்கிறார்கள். குறை சொல்வதாக நினைக்காதீர்கள்.
– வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

குறை சொன்னால்தான் என்ன, அம்மா? சுமப்பவர்தானே சொல்ல முடியும்.

வாசல் பக்கத்து அறையை ஆபீஸ் அறையாக ஒதுக்குங்கள். ரிஜிஸ்டர், சபை முத்திரை, வருகிறவர்கள் உட்கார நாற்காலி எல்லாம் அங்கேயே இருக்கட்டும். திருமண அறிவிப்பான ஓலை எழுதவும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவும் வருகிறவர்கள் அந்த அறையோடு திரும்ப வேண்டும். சான்றிதழுக்குக் காலை இரண்டு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். சாவும் நோயும் நேரம் பார்த்து வராது, அதற்குக் கதவு திறந்தே இருக்கும் என்பதையும் அதன் கீழேயே எழுதுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் சபையார் புரிந்துகொள்வார்கள். முதலாவதை மட்டும் சொன்னால்தான் மனத்தாங்கல் வருகிறது.

மாற்றல் உத்தரவு பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டி வரும். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ பிள்ளை இருந்தால், உத்தரவு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பேராயருக்கு எழுதிக் கொடுங்கள். உத்தரவு வந்த பிறகு கேட்டால், அங்கே வரவேண்டியவரின் திட்டமும் குலைந்துபோகும். வீட்டை ஒப்படைக்கும் நாளில் மின் மீட்டர் அளவு, கட்டில், மேசை, பீரோ, மோட்டார் எல்லாவற்றையும் பட்டியல் எழுதிப் பொருளாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். "பழைய ஐயர் கொண்டுபோய்விட்டார்" என்ற பேச்சு ஒரு தாளில் அடங்கிப்போகும்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தைப் பற்றி: சபை சம்பளம் கொடுப்பது உங்கள் கணவருக்கு. உங்களுக்கு வரம் இருந்தால் நடத்துங்கள். இல்லையென்றால் செயலாளராக ஒரு நல்ல சகோதரியைத் தெரிந்தெடுத்துவிட்டுக் கூட்டத்தில் ஒருத்தியாக உட்காருங்கள். "ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" என்ற வசனத்தைக் காட்டி ஐயர் வீட்டுப் பிள்ளைகளைக் கண்காணிக்கிறவர்கள் உண்டு. அந்த வசனம் போதகருக்கு எழுதப்பட்டது. தன் வீட்டுக்கு நேரம் கொடுப்பது அவருடைய ஊழியத்தில் ஒரு பகுதி என்றுதான் அது சொல்கிறது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. குருமனையிலேயே முப்பது வருஷம் ஓடிவிடும். ஓய்வு பெறும் மாதம் சாவியைக் கொடுத்துவிட்டு எங்கே போவது? சின்ன மனையாவது, வைப்புநிதியாவது, முதல் பிள்ளை பள்ளிக்குப் போகும்போதே தொடங்கிவிடுங்கள்.

நெல்லைப் பக்கம் போதகரை 'ஐயர்' என்கிறார்களே, ஏன்?
– வாசகர், ஈரோடு

மரியாதைச் சொல்தான். சாதிப் பெயரோடு சம்பந்தமில்லை. மிஷனெரிகளையும் அவர்களுக்குப் பின் வந்த தமிழ்க் குருமாரையும் மக்கள் அப்படி அழைத்துப் பழகினார்கள், மனைவி ஐயரம்மா ஆனார். புராட்டஸ்டண்ட் சபையில் தமிழர் ஒருவர் முதன்முதல் குருப்பட்டம் பெற்றது 1733-இல், தரங்கம்பாடியில். அவர் பெயர் ஆரோன். ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு அங்கே கரையிறங்கி அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தனிச் சபை நடத்துகிறேன். 60 குடும்பங்கள். காணிக்கை என் வங்கிக் கணக்குக்கே வருகிறது. நான் ஒரு ரூபாயும் தவறாக எடுத்ததில்லை. ஆனாலும் பேச்சு வருகிறது. சபைக்கு நிலம் வாங்கவும் எண்ணம்.
– போதகர், திருவள்ளூர் மாவட்டம்

உங்கள் நேர்மையை நாங்கள் சந்தேகிக்கவில்லை.  ஆனாலும் அப்போஸ்தலர் பவுல்கூட எருசலேமுக்கான தர்மப்பணத்தைக் கையாளும்போது, யாரும் குற்றம் சொல்லாதபடி தன் உடன் ஊழியர் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பினார்.

முதல் வேலை, சபையை டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிவு செய்வது. டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம். சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர். டிரஸ்டிகள் எல்லாரும் உங்கள் வீட்டார் என்றால் பேச்சு நிற்காது. உறவல்லாதவர்கள் பாதிக்குமேல் இருக்கட்டும். சபைப் பெயரில் பான் எண், இரண்டு கையெழுத்து வேண்டிய வங்கிக் கணக்கு. ஆராதனையில் காட்டும் கியூஆர் அட்டை அந்தக் கணக்குக்கே போக வேண்டும்.

காணிக்கைப் பையை அன்றே, ஆலயத்திலேயே, உறவினரல்லாத இருவர் எண்ணட்டும். 500 எத்தனை, 100 எத்தனை என்று நோட்டு வாரியாக எழுதி இருவரும் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை முழுத்தொகையையும் வங்கியில் கட்டுங்கள். பையிலிருந்தே வாடகை கொடுத்துவிட்டு மீதியைக் கட்டும் பழக்கத்தில்தான் கணக்கு குழம்புகிறது. உங்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒரு தொகையைக் கமிட்டி முடிவு செய்து, சபைக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும். அது உங்கள் வருமானம், வருமான வரிக் கணக்கிலும் காட்டுங்கள்.

நிலம் சபையின் பெயரில் மட்டும். உங்கள் பெயரில் வாங்கினால், உங்களுக்குப் பிறகு அது பிள்ளைகளின் வாரிசுச் சொத்து. பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தாலும் மருமக்கள் கேட்பார்கள், சபை கோர்ட்டில் நிற்கும்.

வெளிநாட்டுப் பணத்தில் மிகுந்த கவனம் தேவை. வெளிநாட்டவரோ வெளிநாட்டு அமைப்போ சபைக்குத் தரும் பணத்தை 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி பெற்று, புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் வாங்க வேண்டும். துபாயில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இதில் சேராது. அதே உறவினர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டால் சேரும். பலர் சிக்குவது இந்த இடத்தில்தான்.

எங்கள் பாஸ்டரே மகளுக்குத் திருமணம் நடத்தலாமா? செல்லுமா?
– வாசகர், ஓசூர்

அவருக்கு அரசு உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பேராயரால் அபிஷேகம் பெற்ற குருமாருக்குத் தானே அதிகாரம் தருகிறது. மற்ற ஊழியர்கள் மாநில அரசிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அதிகாரமில்லாமல் நடத்தினால் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை என்கிறது 68-ஆம் பிரிவு. உரிமம் இல்லையென்றால், திருமணப் பதிவாளர் முன் திருமணத்தை முடித்துவிட்டு ஆலயத்தில் ஆசீர்வாத ஜெபம் வைத்துக்கொள்ளுங்கள். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். போதகர் அல்லாமல் இரண்டு சாட்சிகள் தேவை. பொதுவாகக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்வதையும் மறக்காதீர்கள்.

பெண் பிள்ளை குருவானவராக முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

சி.எஸ்.ஐ.யில் முடியும். வழி மேலே சொன்னதேதான். 2013-இல் நந்தியால் பேராயராகப் புஷ்பா லலிதா அம்மையார் அபிஷேகம் பெற்றார். சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் அவர். உங்கள் மகளைத் தயங்கவிடாதீர்கள்.

ஒரு சேகரத்தில் ஏழு சபைகள். ஞாயிறன்று மூன்று ஆராதனை. ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் வறண்டு கிடக்கிறது. அழைப்பே இல்லையோ என்று பயம். யாரிடம் சொல்வது?
– குருவானவர், ஊர் வேண்டாம்

ஐயா, சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாகக் கேட்ட தீர்க்கதரிசி எலியாவிடம் தேவதூதன் அழைப்பைப் பற்றிப் பேசவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டவரை மறுபடி தூங்கவும் விட்டான். அதற்குப் பிறகுதான் ஓரேப் மலைக்கு நடை.

முதலில் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தைராய்டு மூன்றையும் பாருங்கள். ஞாயிறு காலை ஒன்றும் சாப்பிடாமல் மூன்று ஆராதனை நடத்தி, மதியம் இரண்டு மணிக்கு விருந்துச் சாப்பாடு சாப்பிடுகிறவர் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. சாகவேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் நாள் தள்ளாமல் இன்றே மனைவியிடமோ நண்பரிடமோ சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரே பிரசங்கத்தை மூன்று ஆராதனையிலும் பேசுங்கள், தவறில்லை. வேதபகுதியைத் திங்கட்கிழமை அல்ல, செவ்வாய்க்கிழமை திறவுங்கள். திங்கள் முழுவதும் ஓய்வு. அன்று அடக்க ஆராதனை வந்தால், அந்த வாரத்திலேயே வேறொரு அரைநாளை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய சபைகளில் மாதம் இரண்டு ஞாயிறு உபதேசியாரும் (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்) சபை மூப்பரும் ஆராதனையை நடத்தட்டும்.

யாரிடம் சொல்வது என்று கேட்டீர்கள். உங்கள் சேகரத்தார் யாரிடமும் வேண்டாம். அவர்களுக்கும் அது பாரம். மாற்றல் போடும் இடத்தில் இருப்பவரிடமும் முதலில் வேண்டாம். கல்லூரியில் உங்களோடு படித்து, இப்போது வேறு திருமண்டலத்தில் இருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். மாதம் ஒருமுறை, தேதி குறித்து, பஸ் ஏறிப் போய் அவரோடு அரைநாள் இருந்துவிட்டு வாருங்கள். போனில் பேசினால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வீர்கள்.