கேள்வி பதில்: பழைய எண், புதிய எண்

கேள்வி: சிக்கிள் செல் ரத்தசோகை பற்றி ப்ராஜெக்ட் செய்கிறேன். அந்த மரபணு மாற்றம் 11-ஆம் குரோமோசோமில் 5,248,232 என்ற இடத்தில் இருப்பதாக ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையில் படித்தேன். மனித ஜீனோமைத் திரையில் காட்டும் யூசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர் என்ற தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால், அந்த மாற்றம் இருக்க வேண்டிய ஹெச்பிபி ஜீனே கண்ணில் படவில்லை. பக்கத்தில் ஹெச்பிஜி1 என்று வேறு எதுவோ வருகிறது. தப்பு என்னுடையதா, கட்டுரையுடையதா?
(பயோடெக் மாணவி, கோவை)

பதில்: ரெண்டு பேர் மேலும் தப்பில்லை. சென்னைத் தெருக்களில் பழைய எண் 12, புதிய எண் 27 என்று எழுதியிருப்பார்களே, அந்தக் கதைதான். கட்டுரைக்காரர் பயன்படுத்தியது மனித ஜீனோம் வரிசையின் ஹெச்ஜி19 என்கிற 2009-ஆம் ஆண்டுப் பதிப்பு, உங்கள் திரையில் இருப்பது 2013 டிசம்பரில் வந்த ஹெச்ஜி38. நடுவில் விடுபட்ட துண்டுகளைச் சேர்த்தார்கள், தப்பாக ஒட்டியிருந்ததைச் சரிசெய்தார்கள், அதில் அதற்குப் பின்னால் வருகிற எண்களெல்லாம் நகர்ந்துவிட்டன. நீங்கள் தேடும் டிஎன்ஏ எழுத்து புதிய பதிப்பில் இருப்பது 5,227,002-இல், அதாவது 21,230 எழுத்து தள்ளி. பழைய எண்ணைப் புதிய பதிப்பில் போட்டதால், கருவில் இருக்கும் குழந்தைக்கு வேலை செய்யும் காமா குளோபின் ஜீனுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறீர்கள்.

மேலே ஜீனோம்ஸ் மெனுவில் ஹெச்ஜி19-ஐத் தேர்ந்தெடுத்து அதே எண்ணைக் கொடுங்கள், ஹெச்பிபி வந்துவிடும். நிறைய எண்களை மாற்ற வேண்டியிருந்தால் அதே தளத்தில் லிஃப்ட்ஓவர் என்ற கருவி இருக்கிறது. என்னைக் கேட்டால், தேடும்போதே எண்ணை விட்டுவிட்டு ஆர்எஸ்334 என்று அடிப்பது நல்லது. அது டிபிஎஸ்என்பி தரவுத்தளம் இந்த மாற்றத்துக்குக் கொடுத்த அடையாளம், பதிப்பு மாறினாலும் மாறாது.

அடுத்து வரப்போகும் குழப்பத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகத்தில் ஜிஏஜி என்ற மூன்று டிஎன்ஏ எழுத்துகள் ஜிடிஜி ஆகின்றன, அதாவது 'ஏ' போய் 'டி' வருகிறது என்று படித்திருப்பீர்கள்; பிரவுசரிலோ 'டி' போய் 'ஏ' வருவதாகக் காட்டும். ஹெச்பிபி எதிர் இழையில், வலமிருந்து இடமாக எழுதப்பட்ட ஜீன் என்பதுதான் காரணம். படத்துக்குக் கீழே ரிவர்ஸ் என்ற பொத்தானை அழுத்தினால் புத்தகத்தில் பார்த்த மாதிரியே தெரியும். அப்புறம், புத்தகம் ஆறாவது அமினோ அமிலம் என்னும், நோய் தரும் மரபணு மாற்றங்களைத் தொகுக்கும் க்ளின்வார் தரவுத்தளம் ஏழாவது என்னும். தொடக்கத்தில் வரும் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுவது இப்போதைய வழக்கம், அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் பதிப்பின் பெயரை எழுதாமல் வெறும் எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். இன்னொரு மாணவி இதே கேள்வியோடு எனக்கு எழுதுவார்.

கேள்வி: ஜீன் பட்டியலை எக்செலில் ஒட்டினால் செப்ட்2 என்பது '2-செப்' என்று தேதியாகிவிடுகிறது. திருப்பிக் கொண்டுவருவது எப்படி?
(ஆராய்ச்சி மாணவர், திருச்சி)

பதில்: திரும்பாது. மாறிய பிறகு டெக்ஸ்ட் ஃபார்மட் கொடுத்தால் ஐந்து இலக்க எண் ஒன்றுதான் மிஞ்சும். மூலக் கோப்பை மறுபடி எடுத்து, இம்போர்ட் செய்யும்போதே அந்த நெடுவரிசையை (காலம்) டெக்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள். இந்தத் தொல்லை தாங்காமல் ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 2020-இல் பெயர்களையே மாற்றிவிட்டது: செப்ட்2 இப்போது செப்டின்2, மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1. மென்பொருளுக்காக மனித ஜீன் பெயர் மாறியிருக்கிறது பாருங்கள்! ஆனால் பழைய தரவுகளில் பழைய பெயர்தான் இருக்கும், ஆகவே எச்சரிக்கை.

கேள்வி: இந்தத் தளங்களில் தமிழர்களின் ஜீனோம் தரவு இருக்கிறதா?
(வாசகர், மதுரை)

பதில்: இருக்கிறது, ஆனால் யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். யூசிஎஸ்சி போலவே இன்னொரு ஜீனோம் தளமான என்செம்பிளில் ஏதாவது ஒரு மாற்றத்தைத் திறந்து மக்கள்தொகைப் பகுதிக்குப் போனால் எஸ்டியூ என்று ஒரு வரி வரும். பல நாட்டு மக்களின் ஜீனோம்களைத் தொகுத்த ஆயிரம் ஜீனோம் திட்டத்துக்காக பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களிடம் எடுத்த மாதிரிகள் அவை, மொத்தம் 102 பேர். அந்த 102 பேரை வைத்து, முதல் கேள்வியில் வந்த ஆர்எஸ்334 தமிழகத்தில் எவ்வளவு என்று முடிவுகட்டினால் கோட்டைவிடுவீர்கள், ஏனென்றால் இங்கே அது அதிகம் தென்படுவது நீலகிரிப் பழங்குடியினரிடம், 1952-லேயே ஆய்வில் பதிவான செய்தி அது. டெல்லி ஐஜிஐபி நிறுவனத்தின் இண்டிஜீனோம்ஸ் தளத்தில் 1,029 இந்தியர்களின் தரவைத் தொகுத்துப் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு மாற்றமும் எத்தனை சதவீதம் என்று யாரும் இலவசமாகத் தேடலாம். சுமார் 10,000 பேரைக் கொண்ட ஜீனோம்இந்தியா திட்டத்தின் தரவு ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது, அதற்கு ஆய்வாளர்கள் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும்.