கை சரியாகும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 58. திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையிலுள்ள ஓர் ஊரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். சென்ற ஐப்பசியில் ஒரு நாள் இரவு, கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது இடது கையிலிருந்த தம்ளர் நழுவி விழுந்தது. எழுந்திருக்க முயன்றபோது இடது காலும் ஒத்துழைக்கவில்லை. வலப்பக்க மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டதால் வந்த பக்கவாதம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பேச்சுக்குக் குறைவில்லை, வலது கையும் நன்றாக இருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தை நானே எழுத முடிகிறது. கோல் ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறேன். இடது கையைத் தோள்வரை உயர்த்த முடிகிறது, விரல்களை மடக்கவும் முடிகிறது, விரிக்கத்தான் முடியவில்லை. ஆறு மாதத்துக்குள் வராதது இனிமேல் வராது என்று உறவினர் ஒருவர் என் எதிரிலேயே சொன்னார். இன்னொருவர், புறா இரத்தம் தடவினால் சரியாகிவிடும் என்று ஒரு புறாவையே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், இந்த மட்டில் தப்பியது அதிர்ஷ்டம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இளவயது முதல் விடியற்காலையில் ஆற்றில் குளித்துவிட்டுக் கடை திறந்து பழகியவன் நான். இப்போது குளியலறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து மனைவி தண்ணீர் ஊற்றுகிறாள். சட்டை மாட்டி, பொத்தான் போட்டுவிடுவதும் அவள்தான். அவளிடமே எரிந்து விழுகிறேன். ஒரு நாள், இலையில் உப்பும் ஊறுகாயும் ஏன் வைக்கவில்லை என்று கத்தினேன். இரண்டும் இலையின் இடது ஓரத்தில் இருந்திருக்கின்றன. நடக்கும்போதும் இடது தோள் நிலைப்படியில் இடித்துக்கொள்கிறது.

கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். "நீங்க ஓய்வெடுங்கப்பா" என்று அவன் அன்பாகத்தான் சொல்கிறான். ஆனால், அண்ணாச்சி என்று என்னைத் தேடி வந்தவர்கள் எல்லாம் இப்போது அவனைத் தேடி வருகிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்தும் பகல் பதினொரு மணிக்கே அடித்துப் போட்டாற்போல் களைத்துவிடுகிறேன். வேலை செய்யாதவனுக்கு என்ன களைப்பு என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை முடக்கிப்போட்டது வேறொன்று. சிறுவயது நண்பன் ஒருவன் இறந்துபோனான். மகன் தாங்கிப் பிடிக்க, துக்கம் கேட்கப் போனேன். அங்கே, அவன் உடலுக்கு முன்னால், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க மேலும் வந்தது. அவன் பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. அதே நான், தொலைக்காட்சியில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துத் தேம்பி அழுகிறேன். அன்றிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

மதுரையில் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. எங்களுக்கு முதல் பேத்தி. கை சரியானபிறகு வந்து தூக்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆற்றுக்கும், கடைக்கும், எல்லாவற்றுக்கும் அதே பதில்தான் சொல்லிவருகிறேன். இரவில் விழித்துக்கொண்டால், மறுபடியும் வந்துவிட்டதோ என்று வலது கையை அசைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கே போயிருக்கலாமே என்று சில இரவுகளில் தோன்றுகிறது. இனி என் வாழ்க்கையில் மகிழ்ச்சி என்று ஒன்று உண்டா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் உடனே பதில் சொல்ல வேண்டிய வரி, கடைசிக்கு முந்தையது. அன்றைக்கே போயிருக்கலாம் என்பது வந்துபோகும் எண்ணமா, அல்லது உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைவு வரை போகிறதா என்று உங்களை நேரடியாகவே கேட்கிறேன். இரண்டாவது என்றால், மனைவியிடமோ மகனிடமோ இன்றைக்கே சொல்லிவிடுங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். முதலாவது என்றாலும் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. இழப்பை எண்ணி வருந்துவது மட்டும் அதற்குக் காரணமில்லை. மூளையில் ஏற்பட்ட காயமே மனநிலையைக் கீழே இழுக்கிறது. உறவினர்கள் சொல்வதைப்போல மனத்தைத் திடப்படுத்திக்கொள்வதால் மட்டும் தீர்ந்துவிடாத இந்த நோய்க்கு மருந்தும் பேச்சுவழிச் சிகிச்சையும் நன்றாகவே பலன் தருகின்றன.

துக்க வீட்டுச் சிரிப்புக்கு வருகிறேன். நமக்கு உள்ளே எழும் உணர்ச்சி வேறு, அதை முகத்திலும் குரலிலும் வெளிக்காட்டும் இயக்கம் வேறு. இரண்டாவதைக் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகள் பக்கவாதத்தில் சேதமடைந்தால், சிரிப்பும் அழுகையும் காரணமில்லாமலோ, இடத்துக்குப் பொருந்தாமலோ, சிறு தூண்டுதலுக்கே பெருகியோ வரும். நண்பரின் உடலைப் பார்த்து நீங்கள் மகிழவில்லை என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் முகம் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். குறைந்த அளவில் தரப்படும் சில மனச்சோர்வு மருந்துகள் இதைப் பெரிதும் குறைக்கின்றன என்பதால் நரம்பியல் மருத்துவரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். வரும் அறிகுறி தெரிந்தவுடன் மூச்சை மெதுவாக இழுத்துவிடுவதும், உட்கார்ந்திருக்கும் நிலையை மாற்றுவதும், எதிரிலுள்ள ஏதாவது ஒரு பொருளின் மீது கவனத்தைத் திருப்புவதும் பலருக்குக் கைகொடுக்கின்றன. நண்பரின் பிள்ளைகளிடம் மகனை விட்டாவது இதை விளக்கச் சொல்லுங்கள். ஊருக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம். நோயின் விளைவு என்று தெரிந்தபிறகு யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை என்பதை என்னிடம் வந்தவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

உப்பும் ஊறுகாயும் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது மிக முக்கியமான செய்தியாகப்படுகிறது. வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு, கண் பார்வையில் குறையில்லாவிட்டாலும், இடப்பக்கத்தில் உள்ளவற்றின் மீது கவனம் செல்லாமல் போகும். அப்படிப் போவது அவர்களுக்கே தெரியாது என்பதால்தான் வீட்டில் சண்டை வருகிறது. நிலைப்படியில் தோள் இடிப்பதும் இதனாலாகத்தான் இருக்கும். மருத்துவர் சோதித்து உறுதிசெய்யட்டும். சாப்பிடத் தொடங்குமுன் வலது கையால் இலையின் இடது ஓரத்தை ஒருமுறை தொட்டுப்பாருங்கள். மனைவி பேசும்போது உங்கள் இடப்பக்கமாக உட்காரட்டும். தலையை அந்தப் பக்கம் திருப்பும் பழக்கம் அப்படித்தான் மெல்லப் படியும். இது தெளிவாகும்வரை வண்டி ஓட்டுவதையும், துணையில்லாமல் சாலையைக் கடப்பதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

களைப்புக்கு வெட்கப்படத் தேவையில்லை. பழுதுபட்ட மூளை, முன்பு தானாக நடந்த காரியங்களையெல்லாம் முயன்று செய்கிறது. நிற்பதற்கும் நடப்பதற்குமே அது பெரும் உழைப்பைச் செலவிடுகிறது. பதினொரு மணிக்குக் களைப்பு வருமானால், முக்கியமான காரியத்தை எட்டு மணிக்கு வைத்துக்கொண்டு, களைப்பு வருமுன்பே படுத்து ஓய்வெடுப்பது நல்லது.

ஆறு மாதக் கணக்கைப் பற்றி: முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதன்பிறகு நின்றுவிடும் என்பது உண்மையில்லை. வேகம் குறைகிறது, பயிற்சி தொடர்ந்தால் முன்னேற்றமும் தொடர்கிறது. இயன்முறைப் பயிற்சியைச் செலவு கருதி நிறுத்தியிருந்தால், 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கண்ணாடிப் பயிற்சி பற்றியும் பயிற்சி தர வருபவரிடம் கேட்கலாம். நல்ல கையின் அசைவைக் கண்ணாடியில் காட்டி, பழுதான கையே அசைவதாக மூளைக்குத் தோன்றச்செய்யும் முறை அது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களின் வலிக்காக 1990-களில் உருவாக்கியது, பின்னர் பக்கவாதத்துக்கும் பயன்பட்டது. புறாவைப் பறக்கவிட்டுவிடுங்கள். இரத்த அழுத்த மாத்திரையையும் இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையையும் ஒரு நாளும் விடாதீர்கள். இரவு பயத்துக்கும் அதுவே முதல் மருந்து, ஏனென்றால் மறுபடியும் வராமல் தடுப்பதில் உங்கள் கையில் இருக்கும் பெரும்பகுதி அதுதான்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. உங்கள் கடிதத்தில் ஆறு, கடை, பேத்தி ஆகிய மூன்றையும் ஒரே பதிலால் தள்ளிவைத்திருக்கிறீர்கள். நல்ல சரக்கையெல்லாம் உள்ளறையில் பூட்டிவைத்துவிட்டு, வியாபாரமே இல்லையே என்று கல்லாவில் உட்கார்ந்திருப்பதைப் போன்றது இது. குணமானபின் கிடைக்க வேண்டிய பரிசாக மகிழ்ச்சியை வைத்துக்கொண்டால், குணமாகிற நீண்ட காலம் முழுவதும் வெறும் பயிற்சியும் மாத்திரையும் காத்திருப்புமாகப் போய்விடும். அந்த வறட்சியில் பயிற்சி செய்யும் ஊக்கமும் வற்றிவிடும். கை எந்த அளவுக்குத் திரும்பும் என்பதை இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தத் தீர்ப்பு வரும்வரை பேத்தி குழந்தையாகவே இருக்கமாட்டாள்.

சாதித்தவர்களின் கதைகளை நோயாளிகளுக்குச் சொல்வதில் எனக்கு விருப்பம் குறைவு. கேட்பவருக்கு இன்னொரு தேர்வு வைத்ததுபோல் ஆகிவிடும். ஆனாலும் ஒருவரைச் சொல்கிறேன். ஸ்வீடன் நாட்டுக் கவிஞர் டொமாஸ் டிரான்ஸ்ட்ரோமருக்கு 1990-இல் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயின. பியானோ வாசிப்பதில் ஆசை உள்ளவர் அவர். இடது கைக்கென்றே எழுதப்பட்ட இசையைத் தேடி எடுத்து, இடது கையால் மட்டும் வாசித்தார். அவருக்காகவே அப்படி எழுதித் தந்த இசையமைப்பாளர்களும் உண்டு. 2011-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நான் சொல்ல வந்தது பரிசைப் பற்றியன்று. பியானோவை மூடிவைத்துவிட்டு வலது கைக்காக அவர் காத்திருக்கவில்லை.

பேத்தியைத் தூக்கிக்கொண்டு நடக்க இப்போது முடியாது, செய்யவும் கூடாது. சுவரில் முதுகு சாய்த்துக் கட்டிலில் உட்கார்ந்து, இடது கைக்குக் கீழே தலையணை வைத்து, மகள் பக்கத்தில் இருக்க, குழந்தையை மடியில் கிடத்திக்கொள்ள முடியும். மதுரைப் பயணம் சிரமம் என்றால் மகளை வரச்சொல்லுங்கள். ஆற்றைப் பொறுத்தவரை, நீச்சலும் முழுக்கும் மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் அனுமதித்தபிறகுதான். நீர் குறைந்த நாளில், பாசியில்லாத படியில், மகன் ஒரு பக்கமும் இன்னொருவர் மறு பக்கமும் இருக்க, உட்கார்ந்து கால் நனைக்கலாம். இது பழைய குளியலுக்கு ஈடாகாது. ஈடாகும் என்று சொன்னால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். முதல் சில முறை ஒன்றுமே தோன்றாமலும் போகலாம். மனச்சோர்வில் ருசி பிந்தித்தான் வரும், செயல்தான் முந்த வேண்டும்; ஆசை வந்தபின் போகலாம் என்று இருந்தால் ஆசை வரவே வராது.

வந்தவர்கள் சொல்லும் அதிர்ஷ்டத்தை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆற்றையும் பழைய நடையையும் இழந்ததற்கு வருந்தும் உரிமை உங்களுக்கு உண்டு. வருத்தமும் மகிழ்ச்சியும் ஒரே நாளில் வந்துபோகும்.

உங்கள் மனைவி எல்லாவற்றையும் செய்துதருவது அன்பினால்தான், ஆனால் அது உங்களையும் சோர்வாக்குகிறது, அவரையும் தேய்க்கிறது. சட்டை அணியும்போது பழுதான கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுங்கள். இந்த ஒரு வரிசை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி கடைகளில் கிடைக்கிறது. நேரம் பிடிக்கட்டும், அவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டால் போதும். நோய்க்குப்பின் கணவன் மனைவி நெருக்கம் ஆபத்தாகுமோ என்று பயந்து விலகிப் படுக்கிறவர்கள் பலர். உடல்நிலை நிலைப்பட்டபின் பெரும்பாலோருக்குத் தடையில்லை, கூச்சப்படாமல் மருத்துவரிடம் கேட்கலாம். வாரத்தில் ஒரு பொழுதாவது அவர் கோயிலுக்கோ, தம் உடன்பிறந்தாரைப் பார்க்கவோ போய்வர வேறொருவர் உங்களோடு இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கடையைப் பற்றி மகனிடம் ஓய்வா வேலையா என்று வாதிடாதீர்கள். காலை எட்டு முதல் பத்து வரை மட்டும், கைப்பிடி உள்ள நாற்காலியில், பற்று வரவு நோட்டையும் மொத்தக் கடைகளுக்குப் போன் செய்வதையும் என்னிடம் கொடு என்று கேளுங்கள். யாருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்பது உங்களுக்குத் தெரிந்த அளவு அவனுக்குத் தெரியாது. கணக்கு எழுதும்போதும் தாளின் இடது ஓரத்தை விரலால் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். முதல் சில வாரம் கூட்டலை அவன் ஒருமுறை சரிபார்க்கட்டும். பத்து மணிக்கு எழுந்து வந்துவிட வேண்டும், கடையில் கூட்டம் இருந்தாலும்.