ஜாஸ் ஸ்டாண்டர்ட் ஒன்றின் கார்டுகளை எப்படிப் பிரித்துப் பார்த்தால் இம்ப்ரொவைஸ் செய்ய வரும்?

கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மனப்பாடம், ஆனால் சோலோ (அந்த நேரத்தில் தோன்றுவதைத் தனியாக வாசிப்பது) எடுத்தால் விரல் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். எனக்கும் அதே கதைதான். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஸ்கேல் (சுர வரிசை) என்று நோட்டில் எழுதிவைத்து ஆறு மாதம் ஓட்டினேன். ஸ்கேல் ஞாபகம் வருவதற்குள் அடுத்த கார்டு வந்துவிடும்.

ஸ்டாண்டர்ட், அதாவது ஜாஸ்காரர்கள் பலரும் வாசிக்கும் பழைய பாட்டு, என்பதற்கு 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஜெரோம் கெர்ன் 1939-இல் ஒரு பிராட்வே நாடகத்துக்காக மெட்டமைத்தது, 36 பார் (தாள அலகு). எஃப் மைனர், பி ஃப்ளாட் மைனர், ஈ ஃப்ளாட் செவன், ஏ ஃப்ளாட் மேஜர், டி ஃப்ளாட் மேஜர் என்று முதல் ஐந்து பாரில் ஐந்து கார்டு வருகிறதே என்று பயப்பட வேண்டாம், ஐந்துமே ஏ ஃப்ளாட் மேஜர் ஸ்கேலுக்குள் அடக்கம். ஆறாவது பாரில் ஜி செவன் வந்து சி மேஜருக்கு இழுத்துப் போகிறது. அடுத்த எட்டு பாரும் இதே அச்சுதான், ஈ ஃப்ளாட்டில் ஓடி ஜி-யில் முடியும். பிரிட்ஜில் (பாட்டின் நடுப்பகுதியில்) நான்கு பார் ஜி, மூன்று பார் ஈ, அப்புறம் ஒரு சி செவன் வழியாக மறுபடி வீட்டுக்கு, அதாவது ஏ ஃப்ளாட்டுக்கு. பென்சிலால் இந்த ஐந்து ஸ்கேலுக்கும் கட்டம் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, கட்டத்துக்குள் எந்தச் சுரத்தில் நிற்பது என்பது. ஸ்கேலை ஏற்றி இறக்கினால் பயிற்சி மாதிரிதான் கேட்கும். கார்டின் பெயர்ச் சுரத்தை ஒன்றாக வைத்து ஸ்கேலில் எண்ணி, மூன்றாவது, ஏழாவது சுரங்களை மட்டும் வாசித்துப் பாருங்கள். பி ஃப்ளாட் மைனர் செவனில் டி ஃப்ளாட், ஏ ஃப்ளாட். அடுத்து ஈ ஃப்ளாட் செவன் வரும்போது டி ஃப்ளாட் அசையாமல் இருக்கும், ஏ ஃப்ளாட் மட்டும் அரைச்சுரம் இறங்கி ஜி ஆகும். அதற்கடுத்த ஏ ஃப்ளாட் மேஜரில் ஜி அப்படியே நிற்க, டி ஃப்ளாட் இறங்கி சி ஆகும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து இதையே ஒரு வாரம் வாசித்தேன். பக்க வாத்தியமே இல்லாமல் கார்டு மாறுவது காதில் விழ ஆரம்பித்தது. கெர்ன் செய்ததும் அதுதான், முதல் ஐந்து பாரிலும் மெலடி போய் உட்காருவது அந்தந்தக் கார்டின் மூன்றாவது சுரத்தில்.

இந்தப் பாட்டில் எனக்குப் பிடித்த இடம் பிரிட்ஜின் கடைசி. ஈ மேஜரில் மெலடி ஜி ஷார்ப்பில் நிற்கும், கீழே சி செவன் வந்தாலும் நகராது, அடுத்த பாரில் எஃப் மைனர் வரும்போது அதே கட்டைக்குப் பெயர் ஏ ஃப்ளாட். சோலோவில் வழி தவறினால் நான் அந்த ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று பாரையும் தாண்டிவிடுவேன்.