வாசகர் கேள்வி – பதில்: புன்னை எண்ணெயும் புன்னை நடவும்

டெல்டாவின் கடலோர ஊர்களிலிருந்து புன்னையைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். ஒரே கருத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஐயா, எங்கள் வீட்டுக் கொல்லையில் தாத்தா காலத்துப் புன்னை மரம் நிற்கிறது. பாட்டி அதன் கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுத்து, விளக்கெரிக்கவும் முழங்கால் வலிக்குத் தேய்க்கவும் வைத்திருப்பார். இப்போது ‘தமனு எண்ணெய்’ என்று சிறிய குப்பிகளில் அதிக விலைக்கு இணையத்தில் விற்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? அறிவியல் ஆய்வில் ஏதாவது உறுதியாகியிருக்கிறதா?
– ஒரு வாசகர், வேதாரண்யம்

இரண்டும் ஒன்றுதான். பசிபிக் பெருங்கடலில் உள்ள தஹிதித் தீவு மக்கள் புன்னையைத் தமனு என்கிறார்கள். அழகுப் பொருள் வணிகர்கள் அந்தப் பெயரையே உலகெங்கும் பரப்பிவிட்டார்கள். தாவரவியலில் இதற்குக் கேலோபில்லம் இனோபில்லம் என்று பெயர். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை கடலோர மணலில் வளரும் மரமாதலால், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பல நாட்டு மக்கள் இதன் எண்ணெயைப் புண்ணுக்கும் சொறிக்கும் மூட்டு வலிக்கும் தடவி வந்திருக்கிறார்கள். ஆய்வாளர்களின் கவனத்தை முதலில் ஈர்த்ததும் இந்த ஒற்றுமைதான்.

நன்கு உலர்ந்த பருப்பின் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெயில் இரண்டு பகுதிகள் உண்டு. பெரும்பகுதி சாதாரணக் கொழுப்பு. ஒலியிக், லினோலியிக், பால்மிடிக், ஸ்டியரிக் ஆகிய கொழுப்பு அமிலங்களால் ஆனது. இவை நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இருப்பவைதாம் என்பதால் புன்னையின் தனிச்சிறப்புக்கு இவை காரணமாக முடியாது. சிறுபகுதி பிசின். எண்ணெயின் கரும்பச்சை நிறமும், மூக்கைத் துளைக்கும் மணமும், விரலில் ஒட்டும் பிசுபிசுப்பும் அதனால் வருபவை. கேலோபில்லோலைடு, இனோபில்லம் முதலான கூமரின் வகைச் சேர்மங்களும் கேலோபில்லிக் அமிலமும் அந்தப் பிசினிலேயே உள்ளன. கேலோபில்லோலைடின் அமைப்பை 1950களில் பிரான்சு நாட்டு வேதியியலார் ஆராய்ந்து வெளிப்படுத்தினர்; எலிகளுக்குச் செயற்கையாக உண்டாக்கிய வீக்கத்தை அது குறைப்பதும் பின்னர் கண்டறியப்பட்டது.

2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்தோனேசியா, தஹிதி, ஃபிஜி, நியூ கலிடோனியா ஆகிய இடங்களின் ஐந்து புன்னை எண்ணெய்களை ஒப்பிட்டிருந்தார்கள். ஆய்வகத்தில் வளர்த்த தோல் உயிரணுக்களில் ஏற்படுத்திய கீறல் மூடுவதை அவை விரைவுபடுத்தின. முகப்பருவோடும் தோல் தொற்றோடும் தொடர்புடைய சில பாக்டீரியாக்களையும் தடுத்தன. ஆனால் ஐந்து எண்ணெய்களின் பிசின் சேர்மங்களும் ஒரே அளவில் இல்லை; வேறுபாடு கணிசமானது. ஆகவே தஹிதி எண்ணெயில் கண்ட பலன் வேதாரண்யத்து எண்ணெயிலும் அதே அளவில் கிடைக்கும் என்று, அதைச் சோதிக்காமல் எவரும் உறுதி கூற இயலாது. 2017இல் வந்த இன்னோர் ஆய்வில், பிரித்தெடுத்த கேலோபில்லோலைடைத் தடவிய எலிகளின் காயங்கள் விரைவாக ஆறி, தழும்பும் குறைவாக இருந்தது.

கவனியுங்கள்: ஒன்று உயிரணுக்களில் நடந்தது, மற்றொன்று எலிகளில் நடந்தது. மூட்டு வலிக்காரர்கள் பலரைக் கொண்டு முறையாக நடத்திய பெரிய சோதனை இல்லாத நிலையில், பாட்டியின் கைப்பக்குவத்தில் எண்ணெயின் பங்கு எவ்வளவு, சூடாகத் தேய்த்து நீவிவிட்டதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. வெளிப்பூச்சாகத் தொடர்வதில் பெரிய தடையில்லை. எனினும் இந்த எண்ணெயால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. ஆதலால் முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. ஆழமான புண், சர்க்கரை நோயாளியின் கால் புண், குழந்தையின் தோல் ஆகியவற்றில் வேண்டாம். உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது.

புன்னையில் எய்ட்ஸ் நோய்க்கு மருந்து இருப்பதாகக் கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

மருந்து இல்லை. ஆனால் அந்தச் செய்தி எங்கிருந்து கிளம்பியது என்பது சுவையான கதை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் தாவரச் சேகரிப்புத் திட்டத்தில், 1987இல் மலேசியாவின் சரவாக் காட்டிலிருந்து ஒரு மரத்தின் இலையும் சுள்ளியும் கொண்டுவரப்பட்டன. அது கேலோபில்லம் லானிஜெரம். நம் புன்னைக்கு உறவு, ஆனால் வேறு இனம். அதிலிருந்து பிரித்த கேலனோலைடு ஏ என்னும் சேர்மம், எச்.ஐ.வி. கிருமி பெருகுவதற்குத் தேவையான நொதியொன்றைச் சோதனைக் குழாயில் தடுத்தது. மேலும் சரக்கு வேண்டித் திரும்பிச் சென்றவர்கள், அந்த மரம் வெட்டப்பட்டுவிட்டதைக் கண்டார்கள். அதே இனத்தின் மற்ற மரங்களிலும் எதிர்பார்த்தபடி அந்தச் சேர்மம் கிடைக்கவில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மரத்தின் பாலில் நெருங்கிய சேர்மம் ஒன்று கிடைத்தது; கேலனோலைடு ஏ ஆய்வகத்தில் செயற்கையாகவும் தயாரிக்கப்பட்டு, மனிதர்களிடத்தில் தொடக்கநிலைச் சோதனைகள் வரை சென்றது. அதற்கு மேல் மருந்தாகச் சந்தைக்கு வரவில்லை.

நம் புன்னையிலும் இனோபில்லம் வகைச் சேர்மங்கள் இரண்டுக்கு அதே நொதியைத் தடுக்கும் திறன் உண்டென்று 1990களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்கள். அதுவும் ஆய்வகத்தோடு நின்றது. எண்ணெயைத் தடவுவதாலோ இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பதாலோ கிருமி அடங்காது. குடித்தால் நஞ்சாகவே முடியும். எச்.ஐ.வி.க்குப் பயன் உறுதியான கூட்டு மருந்துகள் அரசு மருத்துவமனைகளின் ஏ.ஆர்.டி. மையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றை நிறுத்திவிட்டுப் புன்னையை நாடச் சொல்லும் செய்தியை மேலும் ஒருவருக்கு அனுப்பாதிருங்கள்.

மரத்தடியில் உதிர்ந்த காய்களைப் பொறுக்கி உடனே உடைத்துப் பார்த்தேன். பருப்பில் எண்ணெய்ப் பசையே இல்லை. செக்குக்காரரும் ஆட்டித் தர மறுத்துவிட்டார். என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

அவசரப்பட்டுவிட்டீர்கள். புதுக் கொட்டையின் பருப்பு வெளிர் மஞ்சளாக, கடினமாக இருக்கும். நகத்தால் கீறினாலும் எண்ணெய் கசியாது. ஓட்டை உடைத்து எடுத்த பருப்பை ஒன்றிரண்டு மாதம் காயவிட்டால் அது மெல்லச் சுருங்கி, பழுப்பாகி, பிறகு செம்பழுப்பாகி, தொட்ட விரலில் ஒட்டத் தொடங்கும். மணமும் அப்போதுதான் எழும். அந்தப் பக்குவத்தில்தான் ஆட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயவைத்தால் பூசணம் பிடித்து எல்லாம் பாழாகும். ஆகையால் மழை ஓய்ந்த பின் உலர்த்துங்கள். பழந்தின்னி வௌவால்கள் சதையைத் தின்றுவிட்டு உதிர்க்கும் கொட்டைகள் சுத்தம் செய்யும் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும். அவற்றையும் விடாமல் பொறுக்கலாம்.

செக்குக்காரர் மறுத்தது முழுக்க நியாயமே. புன்னைப் பருப்பு நஞ்சுத்தன்மை உடையது. நல்லெண்ணெய் ஆட்டும் செக்கில் இதை ஆட்டினால் எவ்வளவு கழுவினாலும் பிசின் ஒட்டியிருக்கும். வேப்பங்கொட்டை, இலுப்பைக் கொட்டை போன்றவற்றை மட்டும் ஆட்டும் செக்காகத் தேடுங்கள். எண்ணெயைத் துணியில் வடித்து, சில நாள் தெளியவிட்டு, நிறமுள்ள கண்ணாடிக் குப்பியில் நிரப்பி நிழலில் வையுங்கள்.

இதை ஒட்டி ஒரு செய்தி. வாங்குவோர் விரும்புகிறார்கள் என்று சிலர் இந்த எண்ணெயைச் சுத்திகரித்து வெளிர் மஞ்சளாக்கி விற்கிறார்கள். அப்போது வெளியேறுவது பிசின். ஆய்வாளர்கள் எதை ஆராய்ந்தார்களோ அதை நீக்கிவிட்டு, அந்த ஆய்வின் பெயராலேயே விலை சொல்வது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. பூச்சுக்கென்றால் பச்சை நிற எண்ணெயே பொருத்தம்.

கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு முழுவதும் சாய்ந்தது. மறுபடி தென்னையே வைத்தோம். சுற்றிலும் புன்னை வைத்தால் காற்றுக்குத் தடுப்பாகும், எண்ணெயில் வருமானமும் வரும் என்கிறார்கள். நம்பலாமா? கன்று உற்பத்தி செய்வது எப்படி?
– ஒரு வாசகர், பேராவூரணி; இதே பொருளில் கோடியக்கரைப் பகுதியிலிருந்தும் ஒரு கடிதம்

முதல் பாதியை நம்பலாம். இரண்டாம் பாதிக்கு நான் உறுதி தரமாட்டேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது டெல்டாவின் தெற்குப் பகுதியில் தென்னை பட்டபாட்டை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றுத் தடுப்பாகப் புன்னை நல்ல தேர்வு. உப்புக் காற்றைத் தாங்கும், மணலில் வேரூன்றும், தடித்த இலை ஆண்டு முழுவதும் உதிராமல் அடர்ந்து நிற்கும். சவுக்கைப் போல விரைந்து உயராது என்பதே குறை. ஆகவே கடலை நோக்கிய வெளிப்புறத்தில் சவுக்கும் அதன் உட்புறத்தில் புன்னையுமாக நட்டால், சவுக்கு வெட்டுக்கு வரும் காலத்தில் புன்னை ஆளுயரத்தைக் கடந்து தடுப்பு வேலையை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கும். புன்னையை இரண்டு வரிசையாக, 3 முதல் 4 மீட்டர் இடைவெளியில், ஒரு வரிசையின் மரம் மறு வரிசையின் இடைவெளிக்கு நேராக வருமாறு நடுங்கள். எந்த மரவேலியும் கஜா போன்ற புயலை முற்றாக நிறுத்தாது. காற்றின் வேகத்தைக் குறைக்கும், மணல் வாரியடிப்பதைத் தடுக்கும், அவ்வளவே.

கன்றுக்கு முற்றிப் பழுத்துப் புதிதாக உதிர்ந்த கொட்டை வேண்டும். இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறார்கள். கெட்டி ஓட்டோடு அப்படியே ஊன்றினால் முளைக்க ஏறத்தாழ 57 நாள் பிடிக்கும். ஓட்டை முழுவதும் நீக்கிப் பருப்பை மட்டும் ஊன்றினால் ஏறத்தாழ 22 நாளில் முளைக்கும், முளைப்பவற்றின் எண்ணிக்கையும் கூடும். சிறு சுத்தியலால் ஓட்டைப் பக்கவாட்டில் தட்டுங்கள். மேலிருந்து ஓங்கி அடித்தால் பருப்பு நசுங்கி அழுகிவிடும். மணலும் மக்கிய எருவும் கலந்த பையில் ஊன்றி, கன்று ஓரடி உயரம் வந்தபின் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ தோப்புக்கு மாற்றினால் வடகிழக்குப் பருவமழை வேர் பிடிக்க உதவும். முதல் இரண்டு கோடைக்கு நீர் ஊற்றத்தான் வேண்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாதபடி முள் அடைப்பது நலம். வயல் வரப்பில் வேண்டாம். அடர்ந்த நிழலில் நெல் கதிர் வாங்காது.

இனி வருமானம். காய்ப்புக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். அதன் பின்னும் பொறுக்க, உடைக்க, மாதக்கணக்கில் காயவைக்க ஆள்கூலி உண்டு. டெல்டாவில் கூலி எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். நிலையாகக் கொள்முதல் செய்பவர் இன்னார் என்று கையெழுத்தோடு உறுதியாகாத வரையில், எண்ணெயைக் கணக்கில் சேர்க்காமல் தென்னைக்குக் காவலாக மட்டும் வையுங்கள். ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று சொல்லிக் கன்று விற்பவரிடம், அவர் சென்ற ஆண்டு யாருக்கு எண்ணெய் விற்றார் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

பம்புசெட்டில் டீசலுக்குப் பதில் புன்னை எண்ணெய் ஊற்றலாமா?
– ஒரு வாசகர், கீழ்வேளூர்

நாகை மாவட்டத்தில் ஊற்றி ஓட்டியவர்கள் உண்டு. ஆனால் பதப்படுத்தாத புன்னை எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டியானது. பிசின் நாளடைவில் இன்ஜெக்டரை அடைத்துவிடும். முறையாகப் பயோடீசலாக்கலாம் என்றால், இதில் கட்டற்ற கொழுப்பு அமிலம் 20 விழுக்காட்டளவில் இருப்பதால் நேரே காரம் சேர்த்தால் சோப்பாகத் திரளும். முதலில் அமிலத்தைக் கொண்டு ஒரு வினை, அடுத்துக் காரத்தைக் கொண்டு மறு வினை என இரு கட்டமாகச் செய்ய வேண்டும். மெத்தனாலைக் கையாளும் அந்த வேலை வீட்டுக் கொல்லையில் செய்யத் தக்கதன்று.

புன்னை எண்ணெய் கேட்டால் கடையில் புங்க எண்ணெயைத் தருகிறார்கள். எப்படி வேறுபடுத்துவது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

மரத்தில் என்றால் ஐயமே வராது. புன்னை இலை தனி இலை, பளபளப்பானது, நடுநரம்பிலிருந்து இருபுறமும் மெல்லிய நரம்புகள் நெருக்கமாக இணையாக ஓடும். புங்கம் கூட்டிலை உடையது, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. புன்னைக் காய் கோலிக்குண்டாக உருண்டிருக்கும். புங்கங்காய் தட்டையான நெற்று. குப்பியில் அடைத்த எண்ணெயைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பது கடினம். செக்கில் ஆட்டிய புன்னை எண்ணெய் பெரும்பாலும் பச்சை சாயலோடு மிகப் பிசுபிசுப்பாக இருக்கும்; புங்க எண்ணெய் மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரை இருக்கும். இரண்டும் உண்ணத் தகாதவை. புங்க எண்ணெயில் உள்ள கரஞ்சின் என்னும் சேர்மம் பூச்சிகளை விரட்டப் பயன்படுவது. புன்னையின் கூமரின்களை அதில் எதிர்பார்க்க முடியாது. கொட்டையைக் காட்டி, கண்ணெதிரே ஆட்டித் தருபவரிடம் வாங்குங்கள்.